பாஸ் போட்டி நடத்தும் நண்பர்களுக்கு: மீனைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள்

ஒன்ராறியோ ஏரிகளில் பாஸ் மீன்பிடிப் போட்டி நடத்துகிற, இந்த ஆண்டு புதிதாக நடத்தவிருக்கிற தமிழ்க் குழுக்கள் அனைத்துக்கும்,

வணக்கம்.

கவார்த்தா ஏரிகளில் ஒன்றில், பாஸ் பிடிக்க அனுமதிக்கும் பருவம் திறக்கும் முதல் சனிக்கிழமையே போட்டி வைப்பதாக உங்களில் ஒரு குழு அனுப்பிய அறிவித்தல் எனக்கும் வந்து சேர்ந்தது. படகுக்கு இருவர், ஐந்து மீனின் மொத்த நிறை, பிற்பகல் மூன்று மணிக்கு மரீனாவில் (படகுத்துறையில்) மேடை போட்டு நிறுவை, அதன்பின் எல்லா மீன்களும் உயிரோடு ஏரியில் விடப்படும் என்று அதில் இருக்கிறது. அக்கறையோடுதான் ஒழுங்கு செய்திருக்கிறீர்கள். ஆனாலும் நீங்கள் தெரிவுசெய்த நாளும், மேடையில் நிறுக்கிற முறையும் மீனுக்குக் கேடு. இரண்டையும் மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒரு குழுவுக்குத் தனியாக எழுதாமல் எல்லோருக்கும் எழுதுவதற்குக் காரணம், இதே முறையைத்தான் மற்றவர்களும் பின்பற்றுகிறீர்கள், அடுத்து வருகிறவர்களும் உங்களைப் பார்த்துத்தான் செய்வார்கள்.

போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் தூண்டில்காரன். பிடித்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவன். கிழமை முழுக்க வேலை, சனி ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு மண்டபத்தில் விழா என்று ஓடிக்கொண்டிருக்கிற சனத்தை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் வைத்திருப்பது நல்ல காரியம். தகப்பனும் மகளும் ஒரே படகில் ஏறி, அதிகாலைப் பனிமூட்டத்துக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன். அது தொடரவேண்டும். மாறவேண்டியது மீனைக் கையாளும் விதம்.

முதலில் நாளைப் பற்றி.

மே மாதத்தில் கரையோரத் தண்ணீர் 15 பாகை செல்சியசைத் தாண்டும்போது ஆண் பாஸ் ஆழம் குறைந்த இடத்துக்கு வருகிறது. வாலால் அடித்து அடித்து மண்ணையும் சேற்றையும் விலக்கி, இரண்டு மூன்று அடி அகலத்தில் ஒரு வட்டக் குழி தோண்டுகிறது. பாஸில் ஸ்மோல்மவுத் வகை என்றால் பரல் கற்கள் உள்ள இடம், அநேகமாக ஒரு பெரிய பாறையின் அல்லது விழுந்த மரத்தின் பக்கம். லார்ஜ்மவுத் வகை என்றால் செடி கொடி உள்ள அமைதியான குடா. பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் எல்லாமே தகப்பன் பொறுப்பு. முட்டைக்கு மேலே நின்று செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும். குஞ்சு பொரித்தபிறகும் விட்டுப் போகாது. ஸ்மோல்மவுத் குஞ்சுகள் கறுப்பாக ஒரு கூட்டமாய் எழும்பி, இரை தேடத் தொடங்கி, நாலாபக்கமும் பிரிந்து போகும்வரை, பல கிழமைகளுக்கு அது அங்கேயே நிற்கும். அந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. போலரைஸ்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு படகில் மெதுவாகப் போனால் தெளிவாகத் தெரியும்: குழி தோண்டித் தோண்டி வால் நுனி தேய்ந்து சிவந்த ஒரு மீன், படகு கிட்ட வந்தாலும் நகராமல் நம்மைப் பார்த்தபடி நிற்கும்.

ஊரில் குளக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விரால் பார்ப்போடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பாகக் குஞ்சுகள் மேலே மினுங்க, தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே எதைப் போட்டாலும் விரால் பாய்ந்து கவ்வும், பசியால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. பாஸும் அப்படித்தான். கூட்டில் நிற்கிற ஆணைப் பிடிப்பதுதான் உலகத்திலேயே சுலபமான மீன்பிடி.

அதைத் தூக்கியவுடன் கூட்டில் என்ன நடக்கிறது? பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிற சன்ஃபிஷ், றொக் பாஸ், பேர்ச் எல்லாம் உள்ளே நுழைந்துவிடும். பேரேரிகளிலும் சிம்கோ ஏரியிலும் இப்போது ரவுண்ட் கோபி என்ற சின்ன மீனும் சேர்ந்திருக்கிறது. கருங்கடல், காஸ்பியன் பக்கத்திலிருந்து கப்பல் தண்ணீரோடு வந்து, 1990இல் சென் கிளேயர் ஆற்றில் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரி ஏரியில் ஆய்வாளர்கள் ஸ்மோல்மவுத் கூடுகளைத் தண்ணீருக்கடியில் வைத்துக் கவனித்தபோது, ஆணைத் தூண்டிலில் எடுத்த சில நிமிடத்திலேயே கோபிகள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கின. பிடித்த இடத்திலேயே உடனே விட்டால் அந்த ஆண் திரும்பிவந்து அவற்றைத் துரத்தும், மிச்சமிருப்பதைக் காப்பாற்றும். காலை ஏழு மணிக்குப் பிடித்து, தொட்டியில் வைத்து, ஏரியின் மறுகோடியில் மூன்று மணிக்கு நிறுத்து, நான்கு மணிக்கு மரீனா வாசலில் விட்டால் அது திரும்பிப் போய்ப் பார்க்க அங்கே எதுவும் இருக்காது. அந்த வருடத்து உழைப்பு முழுவதும் போய்விடும்.

"அதற்குத்தானே அரசாங்கம் பருவத்தை மூடி வைத்திருக்கிறது, திறந்தபிறகுதானே நாங்கள் பிடிக்கிறோம்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தென் ஒன்ராறியோவில் யூன் மாதப் பிற்பகுதிவரை பாஸ் பிடிக்கத் தடை இருப்பது இந்தக் காவல் காலத்துக்காகத்தான். ஆனால் மீன் நாட்காட்டி பார்ப்பதில்லை, தண்ணீரின் சூட்டைத்தான் பார்க்கிறது. ஏப்ரல் கடைசிவரை பனிக்கட்டி கிடந்து, மே மாதம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த வருடங்களில், பருவம் திறக்கும் நாளிலும் ஒரு பங்கு ஆண்கள் கூட்டிலோ குஞ்சுக் கூட்டத்தோடோ நிற்கின்றன. கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒப்பினிக்கன் ஏரிக்கரையில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கிறது. அங்கே தண்ணீருக்குள் மூழ்கிக் கூடு கூடாகப் பார்த்து எழுதிய பல வருட ஆய்வுகள் இருக்கின்றன. பாஸ் மீனின் தகப்பன்தனத்தைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு நமக்குப் பக்கத்து ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை நாம் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

இன்னொரு விடயம். ஐந்து மீனின் நிறைக்குப் பரிசு என்றால் எல்லோரும் தேடுவது பெரிய மீனை. பெரிய ஆண்தான் முதலில் கூடு கட்டுகிறது, அதிக முட்டைகளைப் பெறுகிறது, கடுமையாகக் காவல் காக்கிறது. கடுமையாகக் காக்கிற மீன்தான் தூண்டிலையும் முதலில் கவ்வும். அமெரிக்காவில் இலினோய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் நான்கு வருடம், பிடித்த ஒவ்வொரு பாஸையும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். முடிவில் ஏரியை வற்றவைத்து எண்ணினார்கள். 1,700க்கு மேற்பட்ட மீன்கள். ஒரே வருடத்தில் 16 தடவை பிடிபட்ட மீனும் இருந்தது. நான்கு வருடமும் அதே ஏரியில் இருந்து ஒரு தடவைகூடப் பிடிபடாத மீன்கள் 200 அளவில் இருந்தன. அடிக்கடி பிடிபட்டவற்றைத் தமக்குள்ளும், பிடிபடாதவற்றைத் தமக்குள்ளும் இனப்பெருக்கம் செய்யவிட்டு மூன்று தலைமுறை வளர்த்தார்கள். தூண்டிலுக்கு மசிகிற குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்று தெரிந்தது. ஆய்வாளர் டேவிட் ஃபிலிப் முதலானோர் இதை 2009இல் வெளியிட்டார்கள். பின்னர் அந்த வழிவந்த மீன்களைக் கவனித்தபோது, சுலபமாகத் தூண்டிலில் விழுகிற பரம்பரையின் ஆண்களே கூட்டையும் நன்றாகக் காத்தன. நல்ல தகப்பன்களைத்தான் நாம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கூட்டிலிருந்து தூக்கும்போது, அந்தக் குணமுள்ள குஞ்சுகளைத்தான் அந்த ஏரி இழக்கிறது.

ஆகவே திறப்பு நாளை விடுங்கள். யூலை இரண்டாம் கிழமைக்குத் தள்ளுங்கள். அன்று தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்கவேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

இனி நிறுவை. என் மனதை அதிகம் அரிப்பது இதுதான்.

பிடித்து விடுகிற வழக்கம் போட்டி உலகத்துக்கு வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அலபாமாவைச் சேர்ந்த காப்புறுதி முகவர் ரே ஸ்கொட், 1967 யூன் மாதம் ஆர்கன்சஸ் மாநிலத்துப் பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டிப் போட்டி வைத்தார். நவீன பாஸ் போட்டிகளின் தொடக்கம் அதுதான். மறு வருடம் சங்கம் அமைத்தார். அந்தக் காலத்தில் பிடித்த மீன்களைக் கயிற்றில் கோத்துத் தூக்கிக் காட்டுவார்கள், எல்லாம் செத்துப்போகும். 1972இல் அவரே "பிடித்ததைக் கொல்லாதே" என்று சொல்லி, உயிரோடு கொண்டுவரும் மீனுக்கு மேலதிக நிறை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். படகில் காற்றூட்டும் மீன்தொட்டி வந்தது அதனால்தான். அது பெரிய மாற்றம், அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. உயிரோடு விட்டால் போதும் என்ற இடத்திலேயே நாம் நின்றுவிட்டோம்.

ஒரு ஓகஸ்ட் பிற்பகல் நிறுவையை மீனின் பக்கத்திலிருந்து பாருங்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தது இது, எந்தக் குழு நடத்தியது என்பது முக்கியமில்லை. படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. ஒவ்வொருவரும் தொட்டியிலிருந்து ஐந்து மீனை வலையால் அள்ளி, தடித்த பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு, அரைவாசிக்குத் தண்ணீர் விட்டு, சிப்பை இழுத்து மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவில்லை, தராசில் ஏதோ கோளாறு. வெயில் பையில் நேரே அடித்தது. ஐந்து பெரிய மீன் மூச்செடுக்கிற அந்தச் சொற்பத் தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு நேரத்துக்குப் போதும்? எனக்கு முன்னால் நின்ற தம்பி பையைத் திறந்து பார்த்தார். ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் மூடியை அகல அகலத் திறந்துகொண்டிருந்தது. அவர் பதறிப்போய்ப் பையை ஏரிக்குள் அமிழ்த்திப் புதுத் தண்ணீர் எடுத்தார். அக்கறையில்லாதவர்கள் அங்கே யாரும் இல்லை. பிறகு மேடை. தண்ணீரில்லாத கூடையில் போட்டு நிறுத்தார்கள். ஒலிவாங்கியில் பெயர் வாசித்தார்கள். இரண்டு பெரிய மீனைத் தாடையில் பிடித்துத் தூக்கிப் படம், பிள்ளையோடு ஒரு படம், அனுசரணையாளரோடு ஒரு படம். நூறு மீற்றர் ஓடிக் களைத்தவனின் மூக்கையும் வாயையும் பொத்திப் பிடிப்பதுபோலத்தான் இது.

தென்கிழக்கு ஒன்ராறியோவில் நடந்த போட்டிகளிலேயே கோரி சுஸ்கி முதலான ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் மீன்களிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தூண்டிலோடு போராடிய களைப்பிலிருந்து, நல்ல தண்ணீர் ஓடுகிற தொட்டியில் மீன் தேறத் தொடங்குகிறது. நிறுவைக்காகப் பையில் போட்டு, காற்றில் தூக்கி, மேடையில் வைக்கும்போது மறுபடியும் விழுந்துவிடுகிறது. தசையிலுள்ள சக்திச் சேமிப்பு தீர்ந்து, களைப்பின்போது சேரும் லக்ரேட் ஏறிவிடுகிறது. ஆகவே நிறுவையை நீக்கினால் மீனின் துன்பத்தில் பெரிய பங்கு போய்விடும்.

தண்ணீர் சூடாக இருந்தால் எல்லாமே மோசமாகும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, மீனுக்குத் தேவையோ கூடுதல். ஸ்மோல்மவுத் இதை லார்ஜ்மவுத் அளவுக்குத் தாங்காது. போட்டிகளில் மீன் சாவதைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று பல விதத்தில் வேறுபட்டாலும், தண்ணீர் சூடேறச் சாவு கூடுகிறது என்பதில் ஒத்துப்போகின்றன. ரைஸ் ஏரியைப் போல 30 கிலோமீற்றர் நீளமிருந்தும் ஆழமில்லாத ஏரிகள் யூலைக் கடைசியில் எப்படிச் சூடாகின்றன என்று கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்குச் செத்துப்போனவை மட்டுமே எண்ணிக்கையில் வருகின்றன என்பது இன்னொரு சிக்கல். "98 வீதம் உயிரோடு விடப்பட்டன" என்று மேடையில் அறிவிக்கிறார்கள், எல்லோரும் கை தட்டுகிறோம். விட்ட மீன் நீந்திப் போனது உண்மைதான். ஆனால் வழுவழுப்புப் படலம் உரிந்த இடத்தில் பூஞ்சணம் பிடித்தோ, உள்காயத்தாலோ, களைப்பிலிருந்து தேற முடியாமலோ அடுத்த சில நாட்களில் சாவதும் உண்டு. தாமதமாக நிகழும் அந்தச் சாவு, வெயில் காலப் போட்டிகளில் மேடையில் எண்ணுகிற சாவைவிடப் பல மடங்காக இருக்கலாம். அதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் நாம் ஞாயிறு மாலையே வீட்டுக்கு வந்துவிடுகிறோம். பார்ப்பவர்கள் மரீனாவில் வேலை செய்கிறவர்களும், கரையில் வீடு வைத்திருப்பவர்களும்தான். மிதப்பதில் பாதியைக் கடற்புறாவும், கரையில் ஒதுங்குவதை ரக்கூனும், அடியில் கிடப்பதை ஆமையும் தின்றுவிடும்.

உயிர் பிழைத்தவற்றுக்கும் ஒரு துன்பம் இருக்கிறது. ஏரி முழுக்கப் பரவி இருந்த மீன்களை ஒரே மரீனாவின் வாசலில் கொட்டுகிறோம். தம் இடத்துக்குத் திரும்பிப் போய்விடும் என்றுதான் நம்புகிறோம். அடையாளமிட்டு விட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிடித்த இடத்துக்குத் திரும்புகிற லார்ஜ்மவுத் சிறுபான்மைதான். ஏறத்தாழ அரைவாசி, விட்ட இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் சுற்றுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஸ்மோல்மவுத் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும், அதிலும் பெரும்பாலானவை திரும்புவதில்லை. படகுகளின் இரைச்சலும் பெற்றோல் வாடையும் நிறைந்த மூலையில், அந்த மூலையால் தாங்க முடியாத எண்ணிக்கையில் பாஸ் வந்து சேர்கிறது. மறுநாளே அங்கே தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கனவே இளைத்துப்போன அதே மீன் மறுபடியும் பிடிபடுகிறது.

இலையுதிர் காலத்தில் சிம்கோவில் போட்டி வைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஒக்டோபரில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், சூட்டுப் பிரச்சினை இல்லை. ஆனால் ஸ்மோல்மவுத் ஆழத்துக்குப் போய்விடும். கோபி தின்று கொழுத்த பெரிய மீன்கள், அவற்றைத்தான் எல்லோரும் தேடிப் போகிறோம். ஆழத்திலிருந்து விறுவிறென்று மேலே இழுக்கும்போது அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கிற காற்றுப்பை ஊதிப்பெருக்கிறது. வயிறு புடைக்கும், கண் பிதுங்கும், சிலவேளை வயிற்றுப் பக்கத்து உறுப்புகள் வாய்வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். உடனே விட்டால் பல மீன்கள் தாமாகவே கீழே போய் அழுத்தத்துக்குள் சேர்ந்து தேறிவிடும். தொட்டியில் ஐந்தாறு மணித்தியாலம் வைத்தால் தலைகீழாக மிதக்கும். ஊசி குத்திக் காற்றை எடுப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். பழகியவர் செய்தாலும் தவறிப்போகக்கூடிய வேலை அது. படகுக்குப் படகு ஊசியோடு போக வேண்டியிராதபடி போட்டியை அமைப்பதுதான் சரி.

உங்களில் விடயம் தெரிந்தவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு போட்டி நடந்தும் பாஸ் குறைந்ததாகத் தெரியவில்லையே? உண்மை. தென் ஒன்ராறியோவில் பாஸ் இன்று அழியும் நிலையில் இல்லை. தண்ணீர் சூடாகிக்கொண்டு வருவதால் ஸ்மோல்மவுத் வடக்கு நோக்கிப் பரவிக்கொண்டிருக்கிறது. 700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட சிம்கோ போன்ற ஏரியில் ஒரு போட்டியின் சாவு, மொத்தத்தில் சிறியது என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மதிப்பில்லை. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஏரி சிறிதாக, போட்டிகள் அடிக்கடி வர, ஒரே ஏரியில் பிடிபடும் மீனில் போட்டிக்காரரின் பங்கு கூடும்போது பாதிப்பு பெரிதாகும். நம் குழுக்கள் பெரும்பாலும் தெரிவுசெய்வது சின்ன ஏரிகளை, ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் போய்வரக்கூடியவற்றை. அதே ஏரிகளுக்குத்தான் மற்றக் கழகங்களும் போகின்றன. உள்ளூர்க் கழகம் செவ்வாய் இரவு, இன்னொன்று சனி, நாங்கள் ஞாயிறு. ஒவ்வொருவரும் தங்கள் போட்டியை மட்டும் பார்த்து "இது சின்னது" என்று சொன்னால் அந்தச் சின்ன ஏரியின் மொத்தக் கணக்கை வைத்திருப்பவர் யாருமில்லை. அழியாத மீன் என்பதற்காக, தேவையில்லாமல் அதைச் சாகவிடலாம் என்றும் ஆகாது.

மாற்று வழி கையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் மேஜர் லீக் ஃபிஷிங் என்ற அமைப்பு நடத்தும் பாஸ் புரோ ருவர் என்ற போட்டித் தொடர் 2019இல் தொடங்கியபோதே மேடை நிறுவையை விட்டுவிட்டது. ஒவ்வொரு படகிலும் ஓர் அலுவலர், மீனைப் படகிலேயே நிறுத்து, உடனே விடவேண்டும். புள்ளி உடனுக்குடன் எல்லோருக்கும் தெரியும். கோடிக்கணக்கான பணம் புரளும் தொழில்முறைப் போட்டியாலேயே இதைச் செய்ய முடிகிறது. கயாக் (சிறு துடுப்புப் படகு) போட்டிக்காரர்கள் அதைவிட எளிதாகச் செய்கிறார்கள். மீனை அளவுப் பலகையில் படுக்கவைத்து, வாயை மூடி, மூக்கு பலகை முனையில் தொட, அன்று காலை கொடுத்த அடையாளச் சீட்டும் படத்தில் விழும்படி கைத்தொலைபேசியில் ஒரு படம். படம் எடுத்தவுடன் மீன் தண்ணீருக்குள். நீளத்தைக் கூட்டிப் பரிசு. எங்களுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அலுவலரைத் தேடவேண்டாம், தராசு வாங்கவேண்டாம், தொட்டியில்லாத வாடகைப் படகில் வருகிறவர்கூடக் கலந்துகொள்ளலாம். இப்போது நல்ல தொட்டியுள்ள விலைகூடிய படகு இல்லாதவர்கள் எல்லோரும் கரையில் நின்று பார்க்கிறார்கள், அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

களவு செய்வார்கள் என்ற பயம் இருக்கிறது. அடையாளச் சீட்டின் எண்ணைப் புறப்படும் நேரத்தில்தான் கொடுக்கவேண்டும். ஒரே குடும்பத்தவரை, ஒரே கூட்டாளிகளை ஒரே படகில் விடாமல் சீட்டுக் குலுக்கிச் சேர்க்கலாம். படத்தில் வால் முழுமையாகத் தெரியாவிட்டால், வாய் திறந்திருந்தால், இரண்டு அங்குலம் கழிக்கலாம். பலகையை மீன் வைக்கமுன் தண்ணீரில் நனைக்கவேண்டும், வெயிலில் கிடந்த பலகை மீனின் தோலைச் சுட்டுவிடும். வலை றப்பர் வலையாக இருக்கட்டும், நூல் வலை வழுவழுப்பை உரித்துவிடும். காலையில் மரீனாவில் தண்ணீரின் வெப்பத்தை அளந்து கரும்பலகையில் எழுதுங்கள். அது 25 பாகையைத் தாண்டினால் நண்பகலோடு போட்டியை முடிக்கலாம் என்பது என் எண்ணம். எவ்வளவில் நிறுத்துவது என்பதை நீங்கள் கூடிப் பேசி முடிவெடுங்கள், ஆனால் முடிவை அன்று காலை அல்ல, அறிவித்தலிலேயே போடுங்கள். வீடு திரும்பும்போது படகின் அடைப்பானைக் கழற்றி எல்லாத் தண்ணீரையும் வடித்துவிடவேண்டும் என்பது 2022 சனவரியிலிருந்து ஒன்ராறியோவில் சட்டம், அதையும் அறிவித்தலில் சேருங்கள். 2005இல் ஒன்ராறியோ ஏரியின் குயின்ரி குடாவில் மீன் கொத்துக் கொத்தாகச் செத்ததற்குக் காரணமான வைரசைப் போன்றவை ஓர் ஏரியிலிருந்து மற்ற ஏரிக்குப் போகிற வழிகளில் படகுத் தண்ணீரும் ஒன்று.

கரையில் நின்று பார்க்க வருகிற குடும்பங்களுக்கு என்ன காட்டுவது என்று கேட்டீர்கள் என்றால், அந்தப் படங்களைத்தான். பெரிய திரை ஒன்று வாடகைக்கு எடுத்து, மீன் பிடிபட பிடிபட ஓடவிடுங்கள். அதைவிடச் சிறப்பாக ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கரையில் நின்று சன்ஃபிஷ் பிடிக்க ஒரு போட்டி வையுங்கள். சின்னத் தூண்டில், ஒரு புழு, சத்தம் போட ஒரு காரணம், அது போதும் அவர்களுக்கு.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க ஏலாது. 2007இல் சிம்கோ ஏரிப் பக்கத்தில் ஆசிய முகம் கொண்ட தூண்டில்காரர்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டதும் தாக்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு அதை விசாரித்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. "வந்தவர்கள் ஏரியை வறட்டுகிறார்கள்" என்ற பேச்சு அந்த வன்முறைக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பேச்சு பொய், அன்றும் இன்றும். இந்த ஏரிகளில் தூண்டில் போட எவருக்கும் உள்ள உரிமை நமக்கும் உண்டு, அதை யாரிடமும் இரந்து வாங்கவேண்டியதில்லை. ஆகவே "மற்றவர்கள் என்ன சொல்வார்கள்" என்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. கூட்டில் நிற்கிற அந்த மீனுக்காகத்தான் கேட்கிறேன். இதை முதலில் சரியாகச் செய்து காட்டுகிற குழு நம்முடையதாக இருந்தால் எனக்குப் பெருமை, அவ்வளவுதான்.

பதிவுக் கட்டணம் வாங்கத் தொடங்கமுன் இதைக் கதையுங்கள். வாங்கிய பிறகு விதி மாற்றினால் பிரச்சினை வரும். அளவுப் பலகைகளும் றப்பர் வலைகளும் வாங்கும் செலவில் என் பங்கைத் தருகிறேன். படங்களைப் பார்த்துப் புள்ளி போட நாள் முழுக்கக் கரையில் இருக்கவும் தயார், அன்று நான் தூண்டில் தொடமாட்டேன். கூட்டம் எப்போது, எங்கே என்று சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தூண்டில்காரன்